தாமரை இலையும் தும்பிச் சிறகும் – கடிதம்

அன்புள்ள சார்,

தேரூர் குளத்தங்கரையில் மழை விட்டதும் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டது. பக்கத்துக் கோரையில் இருந்த தும்பியின் சிறகும் நனையவே இல்லை. மேலே மஞ்சள் தும்பிகள் கூட்டமாகச் சுற்றின. ஒரே குளத்தில் பிறந்த செடியும் பூச்சியும் ஒரே வித்தையைக் கற்றுக்கொண்டன என்று சொல்லலாமா?

வாசகர், சுசீந்திரம்

அன்புள்ள நண்பருக்கு,

வித்தை ஏறக்குறைய ஒன்றுதான். இலையின் மேல்பக்கம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அவற்றின்மேல் மெழுகுக் குழல்கள். துளி மேட்டு நுனிகளில் நிற்கிறது, அடியில் காற்று. தும்பிச் சிறகில் அதைவிட நுண்ணிய தூண்கள், அவற்றிலும் மெழுகு. சில இனங்களில் ஒட்டும் பாக்டீரியாவை அந்தத் தூண்களே கொன்றுவிடுகின்றன.

ஆனால் தேவை வேறு. தும்பிக்குச் சிறகு கனத்தால் பறக்க முடியாது, அவ்வளவுதான். தாமரையின் கதைதான் எனக்குப் பிடித்தது. அதன் மூச்சுத் துளைகள் இலையின் மேல்பக்கம் இருக்கின்றன. உள்ளே போகும் காற்று காம்பு வழியாகச் சேற்றுக்குள் கிடக்கும் கிழங்குக்கு இறங்குகிறது. (தோவாளையில் பூக்காரர்கள் காம்பை நறுக்கும்போது பாருங்கள், ஓட்டை ஓட்டையாக இருக்கும்.) மேலே தண்ணீர் தேங்கினால் கிழங்குக்கு மூச்சு முட்டும். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தில் தண்ணீர் விடுங்கள், நன்றாக நனையும்.

‘ஒரே குளத்தில் பிறந்த’ என்பதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூட்டமாகச் சுற்றிய மஞ்சள் தும்பி அநேகமாகப் பண்டாலா ஃப்ளேவெசென்ஸ் என்று அறிவியலில் பெயர் சொல்லும் தும்பி. மழைக்குத் தேங்கும் குட்டையில் முட்டையிட்டு, ஒன்றரை மாதத்துக்குள் வளர்ந்து கிளம்பிவிடும் இனம். அக்டோபர் வாக்கில் மாலத்தீவில் இவை கூட்டமாக வந்திறங்குவதைக் கவனித்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், இந்தியாவிலிருந்து கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009-இல் எழுதினார். தாமரையோ குளம் வற்றினாலும் இடத்தை விடாது. சீனாவில் வறண்ட ஏரிப் படுகையில் கிடைத்த, சுமார் 1300 வருடப் பழைய விதை முளைத்திருக்கிறது. ஒப்பிடுவதென்றால் நான் இங்கேதான் ஒப்பிடுவேன்: தண்ணீர் போய்விட்டால் ஒன்று காத்துக் கிடக்கிறது, இன்னொன்று தண்ணீரைத் தேடிப் போகிறது.

அப்புறம், குளத்திலேயே பிறந்த தும்பி வேண்டுமென்றால் விடிந்ததும் போய்த் தாமரைக் காம்புகளைப் பாருங்கள். தண்ணீருக்குள் வளர்ந்த தும்பிக் குஞ்சு ஏறிவந்து கழற்றிப் போட்ட, முதுகு வெடித்த பழுப்புத் தோல் தண்ணீருக்கு மேலே ஒட்டியிருக்கும். கறுப்பும் மஞ்சளுமான சிறகோடு பட்டாம்பூச்சி மாதிரி மெதுவாகப் பறக்கிற தும்பி அங்கே இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்.