மண்ணுக்குள் கிடந்த நெகட்டிவில் படம் செய்யலாமா?

2009இல் இடம்பெயரும்போது முற்றத்தில் புதைத்த குடும்ப நெகட்டிவ்கள் பழுதாகிவிட்டன, அதை வைத்துப் பரிசோதனைப் படம் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாக. வேறு ஊர்களில் வேண்டுமென்றே ஃபிலிமைப் புதைத்துப் படம் செய்பவர்கள் இருக்கிறார்கள் (வன்னியில் நமக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை). ஃபிலிமில் படம் தங்கியிருப்பது ஜெலட்டின் பூச்சில்; அது விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது என்பதால் ஈர மண்ணில் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும். கிளிநொச்சியில் உரப்பையோடு தோண்டியெடுத்த எங்கள் நெகட்டிவ் ஒன்றை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்: மாமியின் சேலைக்கரை அப்படியே இருந்தது, முகம் இருந்த இடத்தில் பாசி படர்ந்தமாதிரி ஒரு வலை.

ஒட்டிக் கிடந்தால் இழுக்காதீர்கள், குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் ஊறவிடுங்கள், சுடுதண்ணி பட்டால் பூச்சே கரைந்துபோகும். அப்புறம் நிழலில் தொங்கவிட்டு ஸ்கான் பண்ணுங்கள். கமரா இல்லையே என்று யோசிக்க வேண்டாம், 1963இல் ஸ்டான் பிராக்கேஜ் என்ற அமெரிக்கப் பரிசோதனைப் பட இயக்குநர் அந்துப்பூச்சி இறகுகளை ஒட்டுநாடாக்களுக்கு நடுவில் வைத்தே ஒரு படம் செய்தார். திரையில் விநாடிக்கு 24 சட்டகம் (தனித்தனிப் படம்) ஓடும், அதனால் மாமியை ஒரு விநாடி காட்டவே 24 பிரதி வேண்டும். கீறுவது, சாயம் பூசுவது எல்லாம் அந்தப் பிரதிகளில்தான், அசலில் கைவைக்காதீர்கள்.