பீர் ஈஸ்ட்டைக் கழுவி மீண்டும் பயன்படுத்துதல்: கேள்வி பதில்

கேள்வி: பீரைப் புட்டிகளில் நிரப்பிய பின் கலனின் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலைக் கழுவினால் கிருமிகள் நீங்கிவிடுமா?

பதில்: நீங்கா. கொதிக்கவைத்து ஆறவைத்த நீரில் அலசும்போது ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பூட்டும் பூ) துணுக்குகளும் புரதக் கசடும் இறந்த செல்களில் ஒரு பகுதியும் பிரிகின்றனவே தவிர, பாக்டீரியாக்கள் ஈஸ்ட்டோடு சேர்ந்தே சேமிக்கும் ஜாடிக்கு வந்துவிடுகின்றன. பெரிய ஆலைகளில் செய்யும் அமிலக் கழுவல் வேறு. பாஸ்பாரிக் அமிலத்தால் பி.எச். அளவை 2.0 முதல் 2.5 வரை இறக்கி, கடுங்குளிரில் ஒன்றிரண்டு மணி நேரம் வைப்பதால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் மடியும். ஆனால் காட்டு ஈஸ்ட் (நாம் சேர்க்காமல் வெளியிலிருந்து புகுந்த ஈஸ்ட்) அதற்கும் தப்பிவிடும். ஆகவே, வேண்டாத புளிப்பு ஏறிய பீரின் வண்டலைக் காப்பாற்ற முயலாமல் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: ஜாடியில் அடுக்கடுக்காகத் தெரிகிறது. எதை எடுப்பது?

பதில்: குலுக்கிய ஜாடியை 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். பழுப்பு நிறக் கசடு முதலில் அடியில் படியும். அதற்கு மேல் பால் கலந்த நீரைப்போல் வெளுத்துக் கலங்கி நிற்பதில்தான் நமக்கு வேண்டிய ஈஸ்ட் இருக்கிறது. அதைச் சாய்த்து வேறு ஜாடியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால், ஓரிரு நாளில் வெண்ணெய் நிறத்தில் படிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் மேலே மிதப்பதை மட்டுமே எடுத்துவந்தால், எளிதில் படியாத செல்களையே தேர்ந்தெடுத்து வளர்த்தவர்களாவோம். சில தலைமுறைகளில் பீர் தெளிவதற்கே அடம்பிடிக்கும். அதனால் நான் நீரில் அலசுவதையே விட்டுவிட்டு, கலனில் எஞ்சிய சிறிது பீருடனேயே வண்டலைச் சேமிக்கிறேன். அந்தப் பீரின் அமிலத்தன்மையும் ஆல்கஹாலும் பாக்டீரியாவுக்கு எதிராகத் தரும் காவல் வெறும் நீரில் கிடைக்காது.

கேள்வி: 20 லிட்டருக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும்?

பதில்: 12 டிகிரி பிளேட்டோ (நொதிக்கும் முன் மால்ட் கரைசலில் உள்ள சர்க்கரைச் செறிவின் அளவு) செறிவுள்ள ஏல் வகைக்கு (மிதமான வெப்பத்தில் நொதிக்கும் பீர்) ஏறத்தாழ 18,000 கோடி செல்கள் தேவை. நன்கு அடர்ந்த புதிய வண்டலின் ஒரு மில்லிலிட்டரில் சுமார் 100 கோடி செல்கள் இருக்கும் என்று கொண்டால், 180 மில்லிலிட்டர் போதும். குளிரில் நொதிக்கும் லாகர் வகைக்கு இருமடங்கு வேண்டும். இக்கணக்கு இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்தும் வண்டலுக்கே பொருந்தும். அதைவிடப் பழையதென்றால், நீர்த்த மால்ட் (முளைகட்டிய தானியம்) கரைசலில் ஸ்டார்ட்டர், அதாவது முன்கூட்டியே பெருக்கிய சிறிதளவு ஈஸ்ட், வளர்த்து, நுரை எழுவதைக் கண்ட பிறகே ஊற்றுங்கள்.

கேள்வி: 9% ஆல்கஹால் உள்ள பீரின் வண்டல் பயன்படுமா?

பதில்: வேண்டாம், அந்தச் செல்கள் களைத்துப்போனவை. மென்மையான பீரிலிருந்து வலுவானதற்குச் செல்வதே முறை.

கேள்வி: ஜாடியை இறுக மூடலாமா?

பதில்: கூடாது. குளிரிலும் கரியமில வாயு சிறிது வந்துகொண்டே இருக்கும், கண்ணாடி வெடிக்கக்கூடும். மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வையுங்கள்.