துப்பாக்கிக் கால மேசைப் போர் விளையாட்டு விதிகளை வைத்து, ரோமும் கார்த்தேஜும் மோதிய சாமா போரை (கி.மு. 202) ஆட முடியுமா? யானைகளை என்ன செய்வது?

முடியும். முதலில் எறியும் தூரத்தை வெட்டுங்கள்: ஈட்டிக்கு 2 அங்குலம், வில்லுக்கு 6. துப்பாக்கி விதியின் பழைய 24 அங்குலத்தையே விட்டால், படைகள் மோதுவதற்குள் பாதி செத்துவிடும்.

சாமாவில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் சுமார் 80 யானைகள் இருந்தன. மேசையில் 4 துண்டு போதும். முதல் மோதலில் யானைக்கு 4 பகடை, பிறகு 2. அடிபட்டதும் ஒரு பகடை உருட்டுங்கள். 1–2 விழுந்தால் திரும்பி சொந்தப் படையையே மிதிக்கும். 3–4 என்றால் எதிரே உள்ள இடைவெளியில் நேராக ஓடி மேசையை விட்டே போய்விடும். 5–6 என்றால் நிற்கும். இது இல்லாவிட்டால் யானை வெறும் தடித்த குதிரைதான்.

ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோ, யானைகள் ஓடிப்போக அணிகளுக்கு நடுவே சந்து விட்டே நிறுத்தினார். ஆனால் வரிசையில் இடைவெளி விட்டவரைத் தண்டிக்கும் விதிகள் உண்டு. ரோமானியருக்கு ஒரு துண்டு அகலம் வரை அதைத் தளர்த்துங்கள்.