தினமும் நிறுத்தும் கணினி 23 நாட்களாக ஓடுமா?

கேள்வி: ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டக் காரியாலயத்தில் பணிபுரிகிறேன். கொழுந்துக் கணக்குப் பதியும் கணினியை நாள்தோறும் மாலையில் நிறுத்திவிட்டே வீடு செல்கிறேன். ஆயினும் அது 23 நாட்களாகத் தொடர்ந்து இயங்குவதாகக் காட்டுகிறதே, ஏன்?

பதில்: நீங்கள் பார்த்த எண் பிழையன்று. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தி, டாஸ்க் மனேஜரின் பெர்ஃபோமன்ஸ் பகுதியில் சிபியுவைத் தெரிவுசெய்தால், ‘அப் டைம்’ (தொடர்ந்து இயங்கிய நேரம்) என்பதன் கீழ் 23:04:17:52 என்பது போன்று நாள், மணி, நிமிடம், செக்கன் என்ற வரிசையில் எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற வசதி உண்டு. அது இயங்கும்போது ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும், நீங்கள் திறந்துவைத்த மென்பொருள்கள் மட்டுமே முழுமையாக மூடப்படுகின்றன. இயங்குதளத்தின் கருப்பகுதி அப்போதிருந்த நிலையிலேயே வன்தட்டில் எழுதப்பட்டு, மறுநாள் காலை அங்கிருந்தே மீட்கப்படுவதால், எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்புவதில்லை. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் மட்டும் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

ஆகவே பிரின்டர் அடம்பிடிக்கும்போதும், விண்டோஸ் அப்டேட் இறங்கிய பின்னரும், நிறுத்திப் போடுவதை நம்பாமல் ரீஸ்டார்ட் செய்யுங்கள். அன்றாடமே முழுமையாக நிறுத்த விரும்பினால், ஷிஃப்ட் விசையை அழுத்தியவாறு ஷட் டவுனைச் சொடுக்கலாம். லினக்ஸ் கணினியாயின், அது எவ்வளவு நேரமாக இயங்குகிறது என்று பார்க்க, கட்டளைகளைத் தட்டச்சிடும் டேர்மினலில் ‘அப்டைம்’ (uptime) என்ற ஒரே கட்டளை போதுமானது.