கெட்டுப்போச்சா, இல்லை இப்படித்தானா? அயல்நாட்டுக் குளிர்பானங்கள்: கேள்வி-பதில்

வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தின் வெவ்வேறு உருவங்கள்: "வாங்கிய பானம் பழுதா, அல்லது அதன் சுவையே அதுதானா?" இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. பானம் நல்லதுதான், நாம் அதைக் கையாண்ட விதம்தான் சரியில்லை. அதிக ஏமாற்றம் இதில்தான் வருகிறது.

ஜப்பானின் ராமுனே பாட்டிலைத் திறந்தால் கால்வாசி மேசையில் கொட்டிவிடுகிறது. மிச்சத்தைக் குடிக்கப்போனால் கோலி வந்து வாயை அடைக்கிறது. என்ன தவறு செய்கிறோம்?

கையைச் சீக்கிரம் எடுத்துவிடுகிறீர்கள். இந்தப் பாட்டிலில் கோலிதான் அடைப்பான். உள்ளே இருக்கும் கேஸின் அழுத்தமே அதைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. (இங்கிலாந்தின் ஹைரம் காட் 1870களில் காப்புரிமை பெற்ற வடிவம் இது. 'லெமனேட்' என்ற சொல்தான் ஜப்பானியர் வாயில் 'ராமுனே' ஆனது.)

பாட்டிலைக் குறைந்தது 6 மணி நேரம் ஃபிரிட்ஜில் நிற்க வையுங்கள். மேலுறையைக் கிழித்ததும் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு கிடைக்கும். அதன் வெளி வளையத்திலிருந்து நடுவிலுள்ள குச்சியைப் பிரித்தெடுங்கள். பாட்டிலைத் தட்டையான இடத்தில் வைத்து, குச்சியைக் கோலியின் மேல் நிறுத்தி, உள்ளங்கையால் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். 'டப்' என்று கோலி உள்ளே இறங்கும். அப்போது கையை எடுக்கக் கூடாது. 5 முதல் 10 விநாடி அப்படியே அழுத்திப் பிடித்தால் நுரை அடங்கிவிடும். கையில் தூக்கிவைத்துக்கொண்டு திறப்பதும், பையில் குலுங்கி வந்த உடனே திறப்பதும் சட்டை நனைவதற்கான வழிகள்.

கழுத்தில் இரண்டு குழிகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவை அழகுக்காக இல்லை. அந்தப் பக்கம் கீழே வரும்படி சாய்த்துக் குடித்தால் கோலி குழிகளில் தங்கிவிடும். கோலி வேண்டும் என்று பாட்டிலை உடைக்காதீர்கள். பல பாட்டில்களில் மேல் வளையம் திருகினால் கழன்றுவிடும். சிலவற்றில் மரை தலைகீழாக இருக்கும். வழக்கமாக மூடும் பக்கம் திருகிப் பாருங்கள். எடுத்த கோலி சின்னக் குழந்தைகள் கையில் போக வேண்டாம், தொண்டையில் சிக்கும் அளவு அது.

அமெரிக்க ரூட் பியர் வாங்கினோம். வலித்தைலத்தைக் குடித்ததுபோல் இருந்தது. காலாவதியான சரக்கா?

இல்லை, அதன் வாசனையே அதுதான். ரூட் பியர் முதலில் சசாஃப்ராஸ் மரத்தின் வேரிலிருந்து தயாரானது. அந்த வேரிலுள்ள சாஃப்ரோல் என்ற பொருளை 1960இல் அமெரிக்கா உணவில் தடை செய்தது. இன்றைய ரூட் பியரின் வாசனையில் பெரும்பங்கு வின்டர்கிரீன் வகையைச் சேர்ந்தது. வின்டர்கிரீன் எண்ணெய் கிட்டத்தட்ட முழுவதுமே மெத்தில் சாலிசிலேட்தான். மூட்டுவலிக்குத் தேய்க்கும் தைலங்களில் இருப்பதும் அதே பொருள். சிறுவயதில் அந்த மணத்தை மிட்டாயோடு பழகியவருக்கு அது இனிப்பு. தைலத்தோடு பழகியவருக்கு அது மருந்து. நாக்கின் மேல் பிழை இல்லை. தைவானின் ஹேசாங் சர்சாபரில்லாவும் இதே குடும்ப வாசனைதான்.

இன்னொரு வாய்ப்புக் கொடுக்க நினைத்தால், நன்றாகக் குளிரவைத்த 200 மி.லி. ரூட் பியரில் ஒரு கரண்டி வெனிலா ஐஸ்க்ரீம் மிதக்கவிடுங்கள். பாலின் கொழுப்பு தைல வாடையை மட்டுப்படுத்தும், வெனிலாவோடு சேர்ந்து அதிமதுரம் போன்ற அடிச்சுவை மேலே வரும். முதலில் ஐஸ்க்ரீம், பிறகு பானம் என்று ஊற்றினால் பொங்கி வழியும். பானத்தை முக்கால் தம்ளர் ஊற்றி, நுரை அடங்கியபின் ஐஸ்க்ரீமை மெதுவாக இறக்குங்கள்.

உண்மையிலேயே கெட்டுப்போன பானத்துக்கு வேறு அடையாளங்கள்: கேன் உப்பியிருக்கும், அல்லது திறந்தால் 'புஸ்' சத்தமே வராது, அல்லது புளித்த வாடை அடிக்கும். எலுமிச்சை, ஆரஞ்சு பானங்களில் பெயின்ட் வாடை வந்தால் பழத்தோல் எண்ணெய் காற்றும் வெளிச்சமும் பட்டுச் சிதைந்திருக்கிறது என்று பொருள். நிறமற்ற கண்ணாடி பாட்டில் கடையின் ஜன்னலோரம் நின்றிருந்தால் வாங்காமல் விடுவதே நல்லது.

கினோட்டோ, மாக்ஸி இரண்டும் ஏன் இவ்வளவு கசப்பு? இவற்றை விரும்பிக் குடிக்கிறவர்கள் எப்படித்தான் குடிக்கிறார்கள்?

கினோட்டோ இத்தாலியது. அதே பெயருள்ள சின்னஞ்சிறு கசப்பு நாரத்தை வகைப் பழத்தின் சாற்றிலிருந்து வருகிறது. நிறம் கோலாவைப் போலவே கறுப்பு. சிக்கல் அங்கேதான்: கண் கோலாவை எதிர்பார்க்கிறது, நாக்குக்குக் கிடைப்பது பழத்தோலின் கசப்பு. மாக்ஸி அமெரிக்காவின் வடகிழக்கு மூலையைச் சேர்ந்தது. மாசசூசெட்ஸின் லோவல் நகரில் அகஸ்டின் தாம்ப்சன் என்ற மருத்துவர் நரம்புக்கு வலுவூட்டும் மருந்தாக விற்று, 1884இல் சோடா சேர்த்துக் குளிர்பானமாக்கியது. மெய்ன் மாநிலம் 2005இல் இதைத் தன் அதிகாரபூர்வ பானமாக அறிவித்தது. கசப்புக்குக் காரணம் ஜென்ஷன் என்ற செடியின் வேர். அந்தக் கசப்பு விழுங்கியபின்தான் ஏறும், நெடுநேரம் தங்கும். முதல் மடக்கில் தீர்ப்புச் சொல்லாதீர்கள், மூன்றாவதில் சொல்லுங்கள்.

உறையும் குளிரில் குடிக்காதீர்கள். இனிப்பும் பழ மணமும் அமுங்கிவிடும், கசப்புக்குத் துணை இருக்காது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 10 நிமிடம் கழித்து ஊற்றுங்கள். கூடவே உப்பான எதையாவது கொறியுங்கள்; உப்பு கசப்பை நேரடியாகவே மட்டுப்படுத்தும். இனிப்புத் தின்ற வாயோடு குடித்தால் கசப்பு இரட்டிப்பாகத் தெரியும். கினோட்டோவில் ஒரு வில்லை ஆரஞ்சைத் தோலோடு பிழிந்து போட்டால் அது ஏன் இத்தாலியர்களுக்குப் பிடிக்கிறது என்பது புரியும். மாக்ஸிக்கு அப்படியொரு சமாதானம் கிடையாது. சிலருக்குப் பிடிக்கும், பலருக்குப் பிடிக்காது.

கேனின் அடியில் 03/04/26 என்று இருக்கிறது. எந்த மாதம் என்று எடுத்துக்கொள்வது?

எந்த நாட்டில் தயாரானது என்று முதலில் பாருங்கள். ஐரோப்பியப் பானமென்றால் ஏப்ரல் 3. அமெரிக்கப் பானமென்றால் மார்ச் 4. ஜப்பானிலும் கொரியாவிலும் ஆண்டுதான் முதலில் வரும், 26.03.04 என்று. தாய்லாந்துச் சரக்கில் 2569 என்று கண்டு மிரள வேண்டாம், பௌத்த ஆண்டிலிருந்து 543 கழித்தால் 2026. தைவானில் 115 என்றிருந்தால் 1911 கூட்டுங்கள், அதுவும் 2026தான். சீனப் பானங்களில் பெரும்பாலும் தயாரித்த தேதிதான் அச்சாகியிருக்கும், எத்தனை மாதம் வைக்கலாம் என்பது லேபிளில் தனியாக இருக்கும். அதைக் காலாவதித் தேதி என்று நினைத்து நல்ல சரக்கை எறிந்துவிடாதீர்கள். 045 போன்ற மூன்று இலக்கம் மட்டும் தனியாக இருந்தால் ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற கணக்காக இருக்கலாம்: 45ஆவது நாள், பிப்ரவரி 14.

தேதி தாண்டாவிட்டாலும் பிளாஸ்டிக் பாட்டிலை நம்பி நெடுநாள் வைக்க முடியாது. அதன் சுவர் வழியே கேஸ் மெல்லக் கசியும், சின்ன பாட்டிலில் இன்னும் வேகமாக. கடல் கடந்து வந்து கிடங்கில் கிடந்த 300 மி.லி. பிளாஸ்டிக் பாட்டிலைவிடக் கேனும் கண்ணாடியும் எப்போதும் மேல். சர்க்கரையற்றதாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அவற்றில் சேர்க்கும் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு வெப்பத்தில் சிதைந்து இனிப்பு குறையும்.

ஜப்பானின் பால் புளிப்புப் பானமான கால்பிஸ் திகட்டுகிறது, பாகு குடிப்பதுபோல் இருக்கிறது.

நீங்கள் குடித்தது அடர்கரைசல். 1 பங்குக்கு 4 பங்கு குளிர்ந்த தண்ணீர் சேர்க்க வேண்டும். சோடா சேர்ப்பதானால் கரைசலை முதலில் ஊற்றி, சோடாவைத் தம்ளரின் ஓரமாக வழியவிடுங்கள். பால் சேர்த்தால் அதன் புளிப்பில் பானம் கெட்டியாகும், அது கெட்டுப்போனதல்ல. அப்படியே குடிக்கும் வகையும் தனியாக விற்கிறார்கள், லேபிளைப் பாருங்கள். கால்பிஸ், கொரியாவின் மில்கிஸ், சுவிட்சர்லாந்தின் ரிவெல்லா மூன்றிலும் பால் சார்ந்த பொருள் உண்டு. ரிவெல்லா தெளிவாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதன் அடிப்படையே பால் தெளிநீர். பால் ஒவ்வாமை உள்ளவர்கள் தொட வேண்டாம்.

அடியில் மண்டி தெரிகிறது, குடிக்கலாமா?

ஆரஞ்சினா என்ற ஆரஞ்சு பானமென்றால் அது பழச் சதை. திறப்பதற்கு முன் பாட்டிலை இரண்டு முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்காதீர்கள். ஜமைக்காவின் டிங் பானத்திலும் அப்படியே. தெளிவாக இருக்க வேண்டிய பானத்தில் நூல் நூலாக மிதந்தால் கொட்டிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் மதுவும் இல்லை, அசைவமும் இல்லை. எதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

ஜப்பானியக் கேன்களில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சூ-ஹை என்ற வகை திராட்சை, பீச், எலுமிச்சைப் படங்களோடு பழபானம் போலவே இருக்கும், ஆனால் 3 முதல் 9 சதவீதம் மது. கேனின் மேல்தட்டை விரலால் தடவிப் பாருங்கள். பார்வையற்றோருக்காக 'ஓசாகே' (மது) என்று பிரெய்ல் புள்ளிகள் பல மதுக் கேன்களில் உண்டு. முன்புறத்தில் சதவீதக் குறியோடு எண் இருந்தாலும் நின்று யோசியுங்கள். அது பழச்சாற்றின் அளவாகவும் இருக்கலாம். ஐரோப்பாவின் ராட்லர் பியரும் எலுமிச்சை பானமும் கலந்தது. ரஷ்யாவின் க்வாஸ் ரொட்டியைப் புளிக்கவைத்துச் செய்வது, 1.2 சதவீதம் வரை மது இருக்கலாம். அங்கே அது குளிர்பானக் கணக்கில்தான் சேர்கிறது, உங்கள் கணக்கில் எதில் சேர்ப்பது என்பது உங்கள் முடிவு.

அசைவ விஷயத்தில் இரண்டைப் பாருங்கள். சிவப்புப் பானங்களில் ஈ-120, கார்மைன், கோச்சினீல் என்ற பெயர்களில் ஏதேனும் இருந்தால் நிறம் பூச்சியிலிருந்து வந்தது. 'பறவைக்கூடு' பானத்தில் பேர் அலங்காரத்துக்கு இல்லை, உழவாரக் குருவி எச்சிலால் கட்டும் கூடுதான் அது.

10 வயதுப் பையன் கிளப்-மாட்டே கேட்கிறான். கொடுக்கலாமா?

வேண்டாம். ஜெர்மனியின் இந்த மாட்டே இலைப் பானத்தில் 100 மி.லி.க்கு 20 மி.கி. காஃபீன், சாதாரணக் கோலாவைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அரை லிட்டர் பாட்டிலில் 100 மி.கி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிள்ளைகளுக்குச் சொல்லும் அளவு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. 30 கிலோ எடையுள்ள பையனுக்கு 90. ஒரே பாட்டிலில் எல்லை தாண்டிவிடும். பொருள் பட்டியலில் காஃபீன் என்ற சொல் இல்லாமல் 'குவாரானா' என்று மட்டும் இருந்தாலும் காஃபீன் உண்டு, அந்த விதையிலேயே இயற்கையாக இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஐர்ன்-ப்ரூவில் காஃபீனோடு குவினைனும் உண்டு. குவினைன் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் டானிக் வாட்டரோடு சேர்த்து இதையும் தவிருங்கள்.

ஆறு பேர் கூடி எட்டு நாட்டுப் பானங்களைச் சுவைத்துப் பார்க்கப்போகிறோம். எப்படி ஏற்பாடு செய்வது?

எட்டு அதிகம், ஐந்தாகக் குறையுங்கள். 330 மி.லி. கேனை ஆறாகப் பிரித்தால் ஆளுக்கு 55 மி.லி. எட்டு வகையென்றால் 440 மி.லி., அதில் சர்க்கரை 40 கிராமுக்கு மேல். வயது வந்தவருக்கு நாளெல்லாம் சேர்த்து 50 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைவிட முக்கியம், ஐந்துக்குப் பிறகு நாக்கு மரத்து எல்லாம் சர்க்கரைத் தண்ணீராகத் தெரியும்.

எல்லாவற்றையும் ஒரே குளிரில் வையுங்கள். 1 லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில் ஏறக்குறைய 1.7 லிட்டர் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும். 20 டிகிரியில் 0.9 லிட்டர்தான். ஒன்று ஃபிரிட்ஜிலிருந்தும் இன்னொன்று அலமாரியிலிருந்தும் வந்தால் நீங்கள் ஒப்பிடுவது பானங்களை அல்ல, வெப்பநிலையை. நேரமில்லையென்றால் ஐஸ், தண்ணீர், ஒரு பிடி உப்புக் கலந்த வாளியில் கேன்களை 15 நிமிடம் அமிழ்த்துங்கள். ஃப்ரீசரில் மறந்துவிட்டால் வெடிக்கும். தம்ளரில் ஐஸ் போடாதீர்கள்.

வரிசை இப்படி: பால் புளிப்புள்ள கால்பிஸ் அல்லது ராமுனே முதலில். அடுத்து பெருவின் இன்கா கோலா மாதிரிப் பழவாசனை. பிறகு ஆஸ்திரியாவின் அல்ம்டுட்லர், ஜார்ஜியாவில் பிறந்த பச்சை நிற டார்ஹுன் போன்ற மூலிகை வகை. அதன்பின் கசப்பு. ரூட் பியர் கடைசி, தைல மணம் மூக்கில் ஏறிவிட்டால் அதற்குப் பின் எதுவும் எடுபடாது. ஒவ்வொன்றுக்கும் இடையே குளிராத தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும். நிறம் நாக்கை ஏமாற்றும். மஞ்சள் இன்கா கோலாவை எலுமிச்சை என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. ஒரு சுற்றுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்துப் பாருங்கள், நல்ல வேடிக்கை.

பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுவந்தால் கேன் வெடிக்குமா?

பறக்கும் உயரத்தால் வெடிக்காது. சரக்கு அறையிலும் பயணிகள் அறையிலிருக்கும் அதே காற்றழுத்தம்தான், கேன் தாங்கக்கூடியதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் அற்பம். உடைவது இடிபட்டும் நசுங்கியும்தான். ஒவ்வொன்றையும் ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். கண்ணாடி பாட்டிலின் கழுத்தில் ஒரு காலுறையை மாட்டி, துணி சுற்றி, பெட்டியின் ஓரம் தொடாமல் நடுவில் வையுங்கள். ஒன்றோடொன்று உரசக் கூடாது. 355 மி.லி. கேன் 12 என்றால் நாலரைக் கிலோவுக்கு மேல், எடைக் கணக்கில் பிடித்துக்கொள்ளுங்கள். கைப்பையில் 100 மி.லி.க்கு மேல் திரவம் கூடாது என்ற விதி பல விமான நிலையங்களில் குறுக்கே நிற்கும். வந்து சேர்ந்ததும் ஒரு நாள் ஃபிரிட்ஜில் நிற்கவைத்த பின்பே திறவுங்கள்.

2007இல் ஜப்பானில் வந்த வெள்ளரிக்காய் பெப்சி ஒருவரிடம் திறக்காமல் இருக்கிறதாம். வாங்கிக் குடித்துப் பார்க்கலாமா?

அலமாரியில் வைப்பதற்கென்றால் வாங்குங்கள். குடிப்பதற்கு வேண்டாம். இத்தனை ஆண்டில் பிளாஸ்டிக் வழியே கேஸ் பெரும்பாலும் போயிருக்கும், வாசனைப் பொருள்கள் மாறியிருக்கும். அந்த ஆண்டு குடித்தவர்கள் ரசித்த சுவை அதில் மிஞ்சியிருக்காது. வெள்ளரி வாசனைதான் வேண்டுமென்றால் நாலு வில்லை வெள்ளரியைக் குளிர்ந்த எலுமிச்சை சோடாவில் 20 நிமிடம் ஊறப்போட்டு வடிகட்டிக் குடியுங்கள்.