ஊற்றடியில் போன நேரம்

கேள்வி: அக்கா, என் மகள் கல்லூரியில் சமூகவியல் படிக்கிறாள். அன்றாட வாழ்க்கையைப் பற்றியே ஒரு பாடம் இருக்கிறதாம். தண்ணீர் எடுப்பது, சமைப்பது, பஸ்ஸுக்கு நிற்பது, இதிலெல்லாம் தத்துவம் பேச என்ன இருக்கிறது?
– ஒரு வாசகி, தொண்டி

பதில்: நிறைய இருக்கிறது, சகோதரி. ஆன்றி லெஃபெவ்ர் என்ற பிரெஞ்சு மார்க்சியர் 1947இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். 1961, 1981 என்று அடுத்த பாகங்களும் வந்தன. பாரிஸில் கொஞ்ச காலம் டாக்சி ஓட்டியவர். ஒரு பெண் அரைக் கிலோ சர்க்கரை வாங்குவதைப் பிடித்துக்கொண்டு போனால், அவள் குடும்பம், கையிருப்பு, விலை, சந்தை என்று நாட்டின் பொருளாதாரமே வந்து நிற்கும் என்றார்.

1968இல் அவர் நேரத்தை மூன்றாகப் பிரித்தார்: வேலை நேரம், ஓய்வு நேரம், கட்டாய நேரம். மூன்றாவது வேலையிலும் சேராது, ஓய்விலும் சேராது. போக வர, அரசு அலுவலக நடைமுறைக்கு என்று கரைந்துபோவது.

இதைப் படித்ததும் எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. நாங்கள் பாம்பன் பக்கம். அம்மா விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கடலுக்குள் பாறையில் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்ப்பார். ஜெல்லி மாதிரி உறையவைக்கிற அகர் எடுக்கப் போகிற சரக்கு. கரையேறியதும் ஊற்றுக்குப் போவார். மணலில் தோண்டிய குழியில் குனிந்து, சிரட்டையால் தண்ணீரை அள்ளிக் குடத்தில் விடவேண்டும். அவசரப்பட்டால் கலங்கிவிடும். நாலு சிரட்டை அள்ளினால் அடிமணல் தெரியும். மறுபடி ஊறும் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார். வெளுத்துச் சுருங்கிய விரல்களில் துணி கட்டிய தடம் அப்படியே இருக்கும்.

பாசியை எடை போட்டுக் காசு கொடுத்தார்கள். இந்தக் காத்திருப்பை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒருமுறை கணக்கெடுக்க வந்தவர் அம்மாவுக்கு நேரே 'வேலை இல்லை' என்று குறித்துக்கொண்டு போனார். எனக்கு இன்றும் ஆறவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஊற்றுக்கு ஏது தடைக்காலம்?

அன்றாடத்தின் பாரம் பெண்கள் மேல்தான் அதிகம் என்று லெஃபெவ்ரும் எழுதினார். ஆனாலும் அவர் கண்முன் இருந்தது பாரிஸ் நகரம். நம் ஊற்றடியையும் அந்தக் கட்டாய நேரத்தில்தான் சேர்க்கவேண்டும் என்கிறேன் நான். பெண்கள் அங்கே கதை பேசினார்களே என்பார்கள். பேசினார்கள்தான். எந்த வியாபாரி எடையில் அடிக்கிறார் என்பது அங்கேதான் தெரியவரும். அடுத்த நாள் அவரிடம் பாசி போகாது. அன்றாடத்துக்குள்ளேயே அதை மாற்றுகிற வழியும் இருக்கிறது என்று லெஃபெவ்ர் சொன்னது எனக்கு அப்படித்தான் புரிந்தது.

சரி, ஒன்று செய்யுங்கள். உங்களுடைய ஒரு நாளை, காலை முதல் படுக்கும் வரை, மகளை ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். தண்ணீருக்கும் பஸ்ஸுக்கும் நின்ற நேரத்தைத் தனியாக எழுதட்டும். அப்புறம் அதை எனக்கும் அனுப்பிவையுங்கள்.