கடலுக்கு மேல் ஒரு நடை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிங்கப்பூரில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். வயது 66, முட்டி வலி உண்டு, ஆனாலும் மெதுவாக ஒரு மணி நேரம் நடப்பேன். கடைத்தொகுதிகள், கட்டடங்கள் எல்லாம் பார்த்தாயிற்று. கடலை ஒட்டி, மேடு பள்ளம் இல்லாமல் நடக்க ஒரு இடம் சொல்லுங்களேன். (வாசகி, கும்பகோணம்)

பதில்: புலாவ் உபின் தீவில் இருக்கும் செக் ஜாவாவுக்குப் போய் வாருங்கள் அம்மா. தீவின் கிழக்கு முனையில் கடலுக்கு மேலேயே கால் நட்டுப் பாதை போட்டிருக்கிறார்கள், மொத்தம் 1.1 கிலோமீட்டர்தான், இரண்டு சுற்றாகப் பிரியும். ஒன்று கடல் பக்கம், இன்னொன்று சதுப்புநிலக் காட்டுக்குள். பாதை கிட்டத்தட்ட சமதளம், கைப்பிடி உண்டு, நின்று நின்று போனாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

நடையைவிட அங்கே போய்ச் சேருவதில்தான் கவனம் வேண்டும். தானா மேரா ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்தில் சாங்கி வில்லேஜ் போய், பக்கத்துப் படகுத்துறையில் சின்ன மோட்டார் படகு ஏற வேண்டும். 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும், ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். படகு ஆடும், ஏறுகிற இடத்தில் முட்டியை மடக்கித்தான் கால் வைக்க வேண்டியிருக்கும், அதனால் மகன் முதலில் இறங்கிக் கை கொடுக்கட்டும். என் அம்மாவை அழைத்துப் போன அன்று அவர் பயந்தது இந்த ஒரு நிமிடத்துக்குத்தான். தீவில் இறங்கியதும் செக் ஜாவா சுமார் 3 கிலோமீட்டர், அதை நடக்காதீர்கள், படகுத்துறைக்குப் பக்கத்திலேயே வேன் கிடைக்கும், திரும்பி அழைத்துவர எத்தனை மணிக்கு வர வேண்டும் என்றும் அப்போதே பேசிவிடுங்கள்.

கடல் பக்கச் சுற்றில் நிழல் கிடையாது, குடை அவசியம். தண்ணீரைப் படகுத்துறையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். சுமார் 20 மீட்டர் உயரத்தில் ஜெஜாவி கோபுரம் என்று ஒன்று இருக்கிறது, மேலே ஏறினால் காட்டின் தலையும் கடலும் தெரியும், ஆனால் உங்கள் முட்டிக்கு அந்தப் படிகள் வேண்டாம். பாதையிலிருந்தே செக்குடு என்ற குட்டித் தீவைப் பார்க்கலாம். ஒரு தவளையும் பன்றியும் யானையும் எதிரே மலேசியாவின் ஜொகூர் கரைக்குப் போட்டி போட்டு நீந்தி, முடியாமல் கல்லாகிவிட்டன, தவளைதான் அந்தத் தீவு, மற்ற இரண்டும் சேர்ந்து உபின் என்று மலாய்க்காரர்களிடம் ஒரு கதை உண்டு.

கேள்வி: போன மாதம் செக் ஜாவா போனோம். நண்டு, நட்சத்திர மீன் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எங்களுக்கு வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. ஏமாந்துவிட்டோமா? (வாசகர், ஈசூன்)

பதில்: கடல் ஏறியிருக்கும் நேரத்தில் போயிருக்கிறீர்கள். அங்கே பார்க்க வேண்டியதெல்லாம் நீர் வற்றினால்தான் வெளியே வரும். கடல்மட்ட அட்டவணையில் 0.5 மீட்டர் அல்லது அதற்கும் கீழே காட்டும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் நீர் நன்றாக வற்றும், ஆனால் நாளைப் பார்த்தால் மட்டும் போதாது, மணியையும் பாருங்கள், ஏனென்றால் உள்ளே விடுவது காலை 8.30 முதல் மாலை 6 வரைதான், பல நாட்களில் வற்றம் இரவிலோ விடியற்காலையிலோ விழுந்துவிடும். பாதையில் ஒரு பகுதியைப் பழுதுபார்க்க மூடுவதும் உண்டு, தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம், போனதும் நடக்காதீர்கள், ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் சத்தமில்லாமல் நில்லுங்கள். நடக்கிற அதிர்வில் நண்டெல்லாம் வளைக்குள் போய்விடும். நின்றால் முதலில் ஒன்று எட்டிப் பார்க்கும், பிறகு சேறு முழுக்க அசையும். இந்த ஃபிட்லர் நண்டில் ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெரிதாக இருக்கும், அதை மேலே தூக்கி, ‘வா வா’ என்று கூப்பிடுவதுபோல ஆட்டும். கூப்பிடுவது நிஜமாகவே பெண் நண்டைத்தான். சின்னக் கொடுக்கால் சேற்றை அள்ளி வாயில் வைத்து, சத்தை எடுத்துக்கொண்டு, மீதியைக் குட்டி உருண்டையாகக் கீழே வைக்கும். பக்கத்திலேயே கண் துருத்திய உளுவை மீன், துடுப்பை ஊன்றிச் சேற்றில் தத்திக்கொண்டு போகும். இதைப் பார்க்கத்தான் இன்னொரு முறை போகச் சொல்கிறேன், அவசியம் போங்கள்.

கேள்வி: செக் ஜாவாவை மண் கொட்டி மூடப் போனார்கள் என்பது உண்மையா? (கல்லூரி மாணவி, சிங்கப்பூர்)

பதில்: உண்மைதான். கடலைத் தூர்த்து நிலமாக்கும் நில மீட்புத் திட்டத்தில் அது இருந்தது. 2001இல் செய்தி பரவியதும், மூடும் முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், தன்னார்வலர்கள் நீர் வற்றும் நேரங்களில் போய் அங்கிருக்கும் உயிர்களைக் கணக்கெடுத்தார்கள். மணல் கரை, பாறைக் கரை, கடல்புல் வெளி, பவளச் சிதறல், சதுப்புக்காடு, கரையோரக் காடு என்று ஆறு வகை வாழிடம் ஒரே இடத்தில் இருப்பது தெரிந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் அரசு திட்டத்தைத் தள்ளிவைத்தது. கூட்டம் நேராகச் சேற்றில் இறங்கி மிதித்தால் இருப்பதும் போய்விடும் இல்லையா, அதற்காகத்தான் 2007இல் இந்த நடைபாதையைத் திறந்தார்கள். கவனியுங்கள், திட்டம் தள்ளிவைக்கப்பட்டதுதான், ரத்தாகவில்லை.

கேள்வி: 7 வயதுப் பையனோடு போகிறோம், சைக்கிளில் போகலாமா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: படகுத்துறைப் பக்கம் வாடகை சைக்கிள் கிடைக்கும், ஆனால் செக் ஜாவா வாசலிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். குரங்கும் காட்டுப்பன்றியும் சுற்றும் இடம், பிளாஸ்டிக் பையில் தின்பண்டம் தொங்கவிடாதீர்கள், எதற்கும் தீனி போடாதீர்கள். காட்டுச் சுற்றில் தண்ணீரோரமாக நிற்கும் நிப்பா பனையைப் பையனுக்குக் காட்டுங்கள். துருவிய பனிக்கட்டி இனிப்பான ஐஸ் கச்சாங்கில் நுங்கு மாதிரி வழவழவென்று ஒரு கொட்டை வருமே, அது இந்த மரத்துடையதுதான்.